பள்ளி இணையதளத்தை எல்லாரும் வாசிக்கும்படி மாற்றுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு சனிக்கிழமை காலை எங்கள் பள்ளி வாசலில் ஒரு அப்பா நின்றுகொண்டிருந்தார். பெற்றோர் கூட்டத்துக்காக அரை நாள் விடுப்பு போட்டு, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஆனால் கூட்டம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போயிருந்தது. அவருக்குப் பார்வை இல்லை.

“டீச்சர், நோட்டீஸை நெட்ல போட்டாச்சுன்னு சொல்றாங்க. என் போன் அதை வாசிக்கவே மாட்டேங்குது. நீங்களே கேளுங்க” என்று போனை என் பக்கம் நீட்டினார். விரலால் திரையைத் தள்ளினார். போன் பேசியது: “இமேஜ். ஐஎம்ஜி அண்டர்ஸ்கோர் டூ ஜீரோ டூ ஃபோர்…” அவ்வளவுதான். தேதி மாற்றம் அந்தப் படத்துக்குள் இருந்தது. அந்தப் படத்தைத் தளத்தில் ஏற்றியது நான்.

நான் ஒரு தனியார் பள்ளியில் கணினி ஆசிரியை. தளத்தைக் கவனிக்கும் பொறுப்பும் என்னிடம்தான். அன்றிலிருந்து எல்லாவற்றையும் சரிசெய்து முடிக்க நான்கு மாதம் ஆனது. அதில் முதல் மூன்று வாரம் முழுக்க வீண். நிறத்தை மாற்றுவது, பிளகின் (தளத்தில் சேர்க்கும் கூடுதல் மென்பொருள்) தேடுவது என்று தவறான இடத்தில் தொடங்கிவிட்டேன். நீங்கள் அப்படித் தொடங்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். எங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற, தளம் கட்டும் மென்பொருளில் இயங்குகிறது. உங்களுடையது வேறாக இருந்தாலும் வரிசை இதுதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இவற்றைச் சேர்க்காமல் வேலையில் இறங்கினால் பாதியில் நிற்பீர்கள்.

- தளத்தின் நிர்வாகி கணக்கு. “எடிட்டர்” உரிமை மட்டும் இருந்தால் தீம் (தளத்தின் தோற்ற அமைப்பு), மெனு இரண்டையும் தொட முடியாது.
- ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் சேவை) கணக்கின் கடவுச்சொல், டொமைன் (தளத்தின் இணைய முகவரி) யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம், அதைப் புதுப்பிக்க வேண்டிய தேதி.
- கடந்த இரண்டு ஆண்டுச் சுற்றறிக்கைகளின் மூல வேர்டு கோப்புகள். பிடிஎஃப் போதாது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், பழைய பென்டிரைவ் எல்லாவற்றிலும் தேடுங்கள்.
- தளத்திலுள்ள எல்லாப் பக்கங்களின் பட்டியல், ஒரு எக்செல் தாளில். பக்கத்தின் பெயர், அதில் எத்தனை பிடிஎஃப், எத்தனை படம், யார் பொறுப்பு என்று நான்கு கட்டம் போதும்.
- தாளாளர் அல்லது முதல்வரின் எழுத்துப்பூர்வ அனுமதி.

டொமைன் விஷயத்தில் கவனம். பல பள்ளிகளில் முதலில் தளம் செய்து கொடுத்தவரின் சொந்த மின்னஞ்சலில்தான் டொமைன் பதிவாகியிருக்கும். அவர் தொழிலை விட்டுப் போயிருந்தால் கணக்கைத் திரும்பப் பெறவே வாரக்கணக்கில் ஆகும். இந்த வேலையை முதல் நாளே தொடங்கிவிடுங்கள், மற்றவை பக்கத்தில் நடக்கட்டும்.

அனுமதிக் கடிதத்தில் சட்டத்தையும் ஒரு வரி சேருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 தகவல் தொழில்நுட்பத்தில் எல்லாருக்கும் அணுகல் வேண்டும் என்று 42ஆம் பிரிவில் சொல்கிறது. 46ஆம் பிரிவு தனியார் சேவை வழங்குநர்களையும் உள்ளே கொண்டுவருகிறது. சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறை 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் என்பது 89ஆம் பிரிவு. நிர்வாகத்தை மிரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. “இது உன் தனிப்பட்ட ஆர்வம்” என்று ஒதுக்காமல் பள்ளியின் வேலையாக எடுத்துக்கொள்ள அந்த ஒரு வரி உதவியது.

கடைசியாக, எதையும் தொடுமுன் முழுத் தளத்துக்கும் ஒரு பேக்கப் எடுத்து உங்கள் கணினியில் இறக்கி வையுங்கள். அப்டிராஃப்ட்பிளஸ் என்ற பிளகினின் இலவசப் பதிப்பே போதும்.

2. கண்ணை மூடிக்கொண்டு உங்கள் தளத்தைக் கேளுங்கள்

எந்தக் கருவியையும் ஓட்டுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகள், அணுகல்தன்மை, டாக்பேக் என்று போங்கள். திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் வசதி அது. கூகுளின் பேச்சுச் சேவையில் தமிழ்க் குரலையும் இறக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. டாக்பேக் ஓடும்போது போன் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஒரு தட்டு தட்டினால் வாசிக்கும், இரண்டு தட்டு தட்டினால்தான் திறக்கும், திரையை உருட்ட இரண்டு விரல் வேண்டும். எப்படி அணைப்பது என்று தெரியாமல் திணறுபவர்கள் நிறைய பேர். அதனால் ஆன் செய்யும்போதே ஷார்ட்கட்டையும் ஆன் செய்துவிடுங்கள். இரண்டு வால்யூம் பட்டன்களையும் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் அணைந்துவிடும்.

இப்போது தளத்தைத் திறந்து, ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போங்கள். உங்களுக்கு நீங்களே ஒரு வேலை கொடுங்கள்: “ஆறாம் வகுப்புக்கு அடுத்த தேர்வு என்றைக்கு?” எனக்கு இதைக் கண்டுபிடிக்க 11 நிமிடம் ஆனது. தளத்தைக் கட்டியவளே நான்தான், எங்கே இருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும். அப்படியும் 11 நிமிடம்.

கம்ப்யூட்டரில் செய்வதென்றால் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள். முழுக்க இலவசம். அதனுடன் வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் வாசிக்கும், கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும், பழகிவிடும். ஹெச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்புக்குப் போகும், கே அடுத்த இணைப்புக்கு, ஜி அடுத்த படத்துக்கு, டி (T) அடுத்த அட்டவணைக்கு. பேச்சை நிறுத்த கண்ட்ரோல். இந்த ஐந்து விசைகள் போதும்.

எங்கே சிக்கினீர்கள் என்பதை அந்த எக்செல் தாளில் எழுதிவையுங்கள். அதுதான் உங்கள் வேலைப் பட்டியல்.

3. சுற்றறிக்கைகள்: முதல் வேலையும் பெரிய வேலையும் இதுதான்

பள்ளித் தளத்துக்கு யாரும் அழகு பார்க்க வருவதில்லை. தேதி, கட்டணம், விடுமுறை, தேர்வு, பஸ் நேரம். இவை எல்லாமே சுற்றறிக்கைகளில் இருக்கின்றன. அந்தச் சுற்றறிக்கைகள் பெரும்பாலும் எழுத்தாக இல்லை, எழுத்தின் போட்டோவாக இருக்கின்றன. இதைச் சரிசெய்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

முதலில் ஒவ்வொரு கோப்பும் எந்த வகை என்று பிரியுங்கள். பிடிஎஃப்பைத் திறந்து ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். நான்கில் ஒன்று நடக்கும்.

*எதுவுமே தேர்வாகவில்லை.* அது ஸ்கேன் செய்த படம். கூகுள் டிரைவில் ஏற்றி, வலது கிளிக் செய்து, கூகுள் டாக்ஸில் திறங்கள். தமிழை நன்றாகவே எழுத்தாக மாற்றித் தரும். கோப்பு 2 எம்பிக்குள் இருக்கட்டும், பக்கம் நேராக இருக்கட்டும். பள்ளியின் முத்திரையும் கையெழுத்தும் விழுந்த இடங்களில் எழுத்து குழம்பிவரும். துணைக்காலையும் ‘ர’ எழுத்தையும் மாற்றி மாற்றிப் போடும், அதையும் பாருங்கள். எழுத்துப் பிழையையாவது வாசிப்பவர் ஊகித்துக்கொள்வார். எண் தவறினால் ஊகிக்க வழியில்லை. எனவே தேதி, நேரம், தொகை மூன்றையும் இன்னொருவரை விட்டு மூலத்தோடு ஒப்பிடச் சொல்லுங்கள். நான் தனியாகச் சரிபார்த்த ஒரு கட்டணப் பட்டியலில் 8,500 என்பது 3,500 ஆகியிருந்தது. ஏற்றுவதற்கு முன் ஆபீஸில் இருந்த அக்காதான் கண்டுபிடித்தார்.

*ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாக விழுகிறது.* அது பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. திரையில் ‘அம்மா’ என்று அழகாகத் தெரியும். ஆனால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். பாமினியில் அடித்த ‘அம்மா’வை ஸ்கிரீன் ரீடர் “எம், கே, செமிகோலன், கே, ஹெச்” என்று வாசிக்கும். ஒரு முழுப் பக்கத்தை இப்படிக் கேட்டுப் பாருங்கள், எவ்வளவு கொடுமை என்று புரியும். இதற்கு மூல வேர்டு கோப்பு வேண்டும். உரையை யூனிகோடு (எல்லாக் கணினியும் போனும் தமிழாகவே புரிந்துகொள்ளும் எழுத்துமுறை) மாற்றியில் ஒட்டி மாற்றிக்கொள்ளலாம். இலவச மாற்றிகள் பல இருக்கின்றன. எந்த எழுத்துரு என்று சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் அந்த மாற்றிக் கருவி தமிழாக நினைத்துக் குதறிவிடும், அவற்றைத் திரும்பக் கையால் அடிக்க வேண்டும்.

*தமிழ் வருகிறது, ஆனால் சிதறி வருகிறது.* ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்தைவிட்டுப் பிரிந்து முன்னால் நிற்கும், சில எழுத்துகள் காணாமல் போயிருக்கும். யூனிகோடில் அடித்திருந்தாலும் பிடிஎஃப் ஆகும்போது இப்படி ஆவதுண்டு. எனக்கு அதிக நேரம் தின்றது இதுதான், ஏனென்றால் திரையில் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது.

*சரியாக வருகிறது.* நல்லது, அடுத்ததுக்குப் போங்கள்.

இந்த நான்கையும் பார்த்த பிறகு நாங்கள் எடுத்த முடிவு: சுற்றறிக்கையின் உரை தளத்தின் பக்கத்திலேயே சாதாரண எழுத்தாக இருக்கும். முத்திரையும் கையெழுத்தும் உள்ள பிடிஎஃப் கீழே கூடுதல் இணைப்பாக இருக்கும். போனில் பார்க்கும் எல்லாப் பெற்றோருக்குமே இது வசதியாகிவிட்டது, பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படிக்க வேண்டியதில்லை.

பிடிஎஃப்தான் வேண்டும் என்று நிர்வாகம் சொன்னால், வேர்டில் தலைப்புகளுக்கு ‘ஸ்டைல்ஸ்’ பகுதியிலுள்ள ஹெடிங்கைப் பயன்படுத்துங்கள், ரிவ்யூ மெனுவில் அணுகல்தன்மைச் சோதனையை ஓட்டுங்கள். பிறகு ‘சேவ் ஆஸ்’ வழியாக பிடிஎஃப் ஆக்குங்கள், அதன் ஆப்ஷன்ஸில் ஆவண அமைப்புக் குறிகளுக்கான கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். ‘பிரிண்ட்’ கொடுத்து பிடிஎஃப் ஆக்கினால் தலைப்பு, அட்டவணை என்ற அடையாளம் எல்லாம் போய்விடும். வெளிவரும் கோப்பை மேலே சொன்ன நோட்பேடு சோதனைக்கும் ஒருமுறை உட்படுத்துங்கள்.

உரையை அடிக்கும்போதே ஒரு பழக்கம்: ‘10/06’ என்று போடாமல் ‘ஜூன் 10, செவ்வாய்க்கிழமை’ என்று எழுதுங்கள். ‘பி.ப. 2.00’ வேண்டாம், ‘மதியம் 2 மணி’ போதும். காதால் கேட்பவருக்கும் உதவும், தமிழ் மெதுவாக வாசிக்கும் பெற்றோருக்கும் உதவும்.

சிபிஎஸ்இ பள்ளியாக இருந்தால் கட்டாயப் பொது வெளிப்படுத்தல் பக்கம் ஒன்று இருக்கும். தீ பாதுகாப்புச் சான்றிதழ், கட்டடப் பாதுகாப்புச் சான்றிதழ், கட்டண விவரம், மூன்று ஆண்டுத் தேர்வு முடிவு எல்லாம் அங்கே. சான்றிதழ்கள் ஸ்கேனாகத்தான் இருக்க முடியும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது என்ன சான்றிதழ், யார் கொடுத்தது, எந்தத் தேதி வரை செல்லும் என்று இரண்டு வரி எழுத்தில் போட்டுவிடுங்கள். கட்டண விவரத்தையும் தேர்வு முடிவையும் மட்டும் முழுக்க எழுத்தாக மாற்றுங்கள்.

பழைய சுற்றறிக்கைகளை எவ்வளவு தூரம் பின்னோக்கிப் போய் மாற்றுவது? நடப்புக் கல்வியாண்டு முழுவதும், அதற்கு முந்தைய ஆண்டில் இன்னும் தேவைப்படுபவை மட்டும். மீதியைத் தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். 2017ஆம் ஆண்டு விளையாட்டு விழா அழைப்பிதழை யாரும் தேடப்போவதில்லை.

4. தளம் தமிழ் என்று தளத்திடமே சொல்லுங்கள்

ஐந்து நிமிட வேலை. வேர்ட்பிரஸ்ஸில் செட்டிங்ஸ், ஜெனரல், தள மொழி: தமிழ். இதைச் செய்யாவிட்டால் பக்கம் ஆங்கிலம் என்று அறிவிக்கப்பட்டிருக்கும். சில ஸ்கிரீன் ரீடர்கள் ஆங்கிலக் குரலில் தமிழை வாசிக்கப் பார்த்து, முடியாமல் அப்படியே மௌனமாகக் கடந்துபோய்விடும். கேட்பவருக்கு அது வெற்றுப் பக்கம்.

இரண்டு மொழியும் கலந்த தளமாக இருந்தால், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனிப் பக்கம் வைப்பதே நல்லது. ஒரே பக்கத்தில் இரண்டும் இருந்தே ஆக வேண்டுமென்றால் ஆங்கிலப் பத்திக்கு மட்டும் மொழிக் குறி சேர்க்கச் சொல்லி டெவலப்பரிடம் கேளுங்கள்.

5. படங்களுக்கு மாற்று உரை

வேர்ட்பிரஸ்ஸில் படத்தை ஏற்றும்போது ‘ஆல்ட் டெக்ஸ்ட்’ என்று ஒரு கட்டம் வரும். நாம் எல்லாரும் காலியாக விட்டுவிடும் கட்டம். படத்தைப் பார்க்க முடியாதவருக்கு அதில் எழுதியதுதான் வாசிக்கப்படும்.

‘படம்’ என்றோ ‘போட்டோ 3’ என்றோ எழுதாதீர்கள். ‘படம்’ என்பதை ஸ்கிரீன் ரீடரே சொல்லிவிடும். “அறிவியல் கண்காட்சியில் எட்டாம் வகுப்பு மாணவிகள் இருவர் சொட்டுநீர்ப் பாசன மாதிரியை விளக்குகிறார்கள்” என்பது போல ஒரு வாக்கியம். அதற்கு மேல் வேண்டாம். குழந்தைகளின் பெயரை மாற்று உரையிலோ கோப்பின் பெயரிலோ போட வேண்டாம், அது பாதுகாப்பு விஷயம்.

ஆண்டு விழா ஆல்பத்தில் 60 படம் இருந்தால்? அறுபதுக்கும் அவசரமாக ஏதோ எழுதுவதைவிட, அதிலிருந்து 10 படத்தைத் தேர்ந்தெடுத்து ஒழுங்காக எழுதுவது மேல். ஓரத்தில் அலங்காரத்துக்கு வைத்த பூ, கோடு போன்றவற்றுக்கு அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள், அவற்றைத் தாண்டிப்போய்விடும்.

வாழ்த்து, அறிவிப்பு என்று வாட்ஸ்அப்புக்காகச் செய்யும் வண்ண அட்டைகள்தான் ஆபத்து. அதை அப்படியே தளத்தில் போடும் பழக்கம் எங்கள் பள்ளியிலும் இருந்தது. அட்டையில் எழுதியிருப்பது முழுவதையும் கீழே எழுத்தில் போடாமல் அதை ஏற்றக்கூடாது.

6. தலைப்பு, இணைப்பு, அட்டவணை

எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கினால் அது தலைப்பு ஆகிவிடாது. கண்ணுக்குத் தலைப்பு, ஸ்கிரீன் ரீடருக்கு அதுவும் ஒரு சாதாரண வரி. எடிட்டரில் ‘ஹெடிங்’ பிளாக்கைத்தான் பயன்படுத்த வேண்டும். பக்கத்துக்கு ஒரு முதல்நிலைத் தலைப்பு, அதன் கீழே இரண்டாம் நிலை. என்விடிஏவில் ஹெச்சை அழுத்தித் தாவித் தாவி ஒரு பக்கத்தின் சுருக்கத்தைக் கேட்க முடிந்தால் சரி.

‘இங்கே சொடுக்கவும்’ என்ற இணைப்பை எடுத்துவிடுங்கள். பார்வையில்லாதவர்கள் பக்கத்திலுள்ள இணைப்புகளை மட்டும் பட்டியலாக எடுத்துக் கேட்பார்கள். எங்கள் முகப்புப் பக்கத்தில் “இங்கே சொடுக்கவும்” என்று 14 முறை வந்தது. எது எங்கே போகிறதென்று எப்படித் தெரியும்? ‘ஆறாம் வகுப்பு பாடத்திட்டம், பிடிஎஃப்’ என்று இணைப்பிலேயே எழுதுங்கள்.

டைம்டேபிளும் கட்டண அட்டவணையும் உண்மையான அட்டவணையாக இருக்க வேண்டும், முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறிக்க வேண்டும். வேர்ட்பிரஸ் டேபிள் பிளாக்கில் ‘ஹெடர் செக்‌ஷன்’ என்ற பட்டன் அதைச் செய்கிறது. கட்டங்களை இணைத்து ‘மதிய உணவு’ என்று நீளமாகப் போடாதீர்கள், வரிசை குழம்பிவிடும்.

7. நிறம், எழுத்தளவு, ஓடும் எழுத்து

எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி என்ற உலகளாவிய அளவுகோலின் ஏஏ நிலை. பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும். வெப்எய்ம் தளத்தில் இலவசச் சோதனைக் கருவி இருக்கிறது, இரண்டு நிறக் குறியீட்டையும் போட்டால் சொல்லிவிடும்.

நம் பள்ளித் தளங்களுக்குப் பிடித்தமான மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து 3.7தான் வருகிறது. வெள்ளையில் பளிச் சிவப்பு கூட 4தான். வெள்ளையில் அடர்நீலம் 16 வரை போகும். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. எழுத்து சிறிதாகவும் மங்கலாகவும் இருந்தால் முதலில் மறைவது மெய்யெழுத்தின் புள்ளி. பேரப்பிள்ளைக்காகத் தளத்தைப் பார்க்கும் தாத்தா பாட்டிகளிடம் கேளுங்கள். 18 பிக்சலுக்குக் குறையாமல் வையுங்கள், வரி இடைவெளியும் கொஞ்சம் தாராளமாக. 200 சதவீதம் பெரிதாக்கினாலும் எதுவும் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

முகப்பில் வலமிருந்து இடம் ஓடும் ‘சேர்க்கை நடைபெறுகிறது’ வரியை எடுத்துவிடுங்கள். ஐந்து நொடிக்கு மேல் தானாக ஓடும் எதையும் நிறுத்த ஒரு வழி இருக்க வேண்டும் என்பது விதி. நிறுத்தும் பட்டன் வைப்பதைவிட, நின்ற எழுத்தாகவே போட்டுவிடுவது எளிது. ஓடாவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எங்கள் நிர்வாகத்தில் தயங்கினார்கள். இரண்டு வாரம் நிறுத்திப் பார்க்கலாம் என்று கேட்டு வாங்கினேன். அதன் பிறகு அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

தேர்ச்சி பச்சை, தோல்வி சிவப்பு என்று நிறத்தால் மட்டும் காட்டாதீர்கள். பக்கத்தில் சொல்லாகவும் இருக்கட்டும்.

8. சேர்க்கைப் படிவம்

மவுஸைத் தள்ளிவைத்துவிட்டு டேப் விசையால் மட்டும் படிவத்தை நிரப்பி அனுப்பிப் பாருங்கள். கை நடுக்கம் உள்ளவர்களும் மவுஸ் பிடிக்க முடியாதவர்களும் இப்படித்தான் போகிறார்கள். இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று காட்டும் கோடு தெரிய வேண்டும். அழகுக்காகப் பல தீம்கள் அதை மறைத்துவிடுகின்றன.

பார்க்க வேண்டியவை: கட்டத்துக்குள் மங்கலாக ‘பெயர்’ என்று எழுதியிருந்தால் போதாது, அடிக்கத் தொடங்கியதும் அது மறைந்துவிடும். கட்டத்துக்கு மேலே நிரந்தரமாகப் பெயர் இருக்க வேண்டும். தவறு நேர்ந்தால் கட்டம் சிவப்பானால் மட்டும் போதாது, “கைப்பேசி எண்ணில் 10 இலக்கம் வேண்டும்” என்று எழுத்தில் சொல்ல வேண்டும். பிறந்த தேதியைக் காலண்டரில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தாமல் அடிக்கவும் விடுங்கள். கோணல்மாணல் எழுத்துப் படக் கேப்சா இருந்தால் எடுத்துவிடுங்கள், பார்வையில்லாதவரின் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

டெவலப்பர் கிடைக்காவிட்டால் தற்காலிகமாகக் கூகுள் படிவத்துக்கு மாறலாம், ஸ்கிரீன் ரீடரோடு அது நன்றாகவே ஒத்துழைக்கிறது. எப்படியானாலும் படிவத்தின் மேலே ஆபீஸ் தொலைபேசி எண்ணைப் போட்டு, “நிரப்ப உதவி வேண்டுமென்றால் அழையுங்கள்” என்று எழுதுங்கள்.

9. வீடியோ

காது கேளாத பெற்றோருக்கு முதல்வரின் உரை வெறும் வாயசைவு. யூடியூப் ஸ்டுடியோவில் சப்டைட்டில் பகுதியில் தமிழைத் தேர்ந்தெடுத்து நீங்களே அடித்துச் சேர்க்கலாம். ஐந்து நிமிட வீடியோவுக்கு எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது. எல்லாவற்றுக்கும் முடியாது. சேர்க்கை, கட்டணம், தேர்வு விதிமுறை பேசும் வீடியோக்களுக்கு முதலில் செய்யுங்கள். பாட்டு நடன வீடியோக்கள் காத்திருக்கலாம்.

10. செலவும் நாட்களும்

ஒரு நிறுவனம் முழுத் தளத்தையும் புதிதாகச் செய்ய 60,000 ரூபாய் கேட்டது. எங்களுக்குக் கடைசியில் ஆனது 9,400. தட்டச்சு செய்பவருக்குப் பக்கத்துக்கு 30 ரூபாய் வீதம் 180 பக்கத்துக்கு 5,400. மெனு, படிவம், நிறம் மூன்றையும் சரிசெய்த டெவலப்பருக்கு 4,000. மற்ற எல்லாக் கருவிகளும் இலவசம். நேரக் கணக்கில் சுற்றறிக்கைகளுக்கு ஏழு வாரம், படங்களுக்கு இரண்டு, படிவத்துக்கு இரண்டு, மீதி எல்லாம் சேர்த்து இரண்டு. இதோடு என் வீணான மூன்று வாரம்.

ஜனவரியில் தொடங்கினால் சேர்க்கைக் காலத்துக்குள் முடியும். பொதுத்தேர்வு நேரத்தில் ஆபீஸில் யாரும் கோப்பு தேடித் தர மாட்டார்கள், மார்ச்சைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பணத்தை எங்கே போடக்கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். தளத்தின் மூலையில் சக்கர நாற்காலிப் படத்தோடு ஒரு பட்டன் வைத்து, “ஒரே வரி சேர்த்தால் தளம் முழுக்க அணுகல் வந்துவிடும்” என்று சந்தாவுக்கு விற்கிறார்கள். அது எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும். பாமினியில் இருக்கும் பிடிஎஃப்பை அது என்ன செய்யும்? 2025 ஜனவரியில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன், இப்படிப் பொய்யான வாக்குறுதி கொடுத்து விற்றதாக ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று நடவடிக்கை எடுத்தது. அந்தச் சந்தாப் பணத்தில் தட்டச்சு செய்ய ஆள் வையுங்கள்.

வேவ், லைட்ஹவுஸ் போன்ற இலவசச் சோதனைக் கருவிகளை ஓட்டுங்கள், நல்லவைதான். ஆனால் நூற்றுக்கு நூறு வந்தது என்று நம்பி உட்காராதீர்கள். ஆல்ட் டெக்ஸ்ட் இருக்கிறதா என்றுதான் கருவி பார்க்கும், அதில் ‘போட்டோ 3’ என்று எழுதியிருந்தால் அதற்குத் தெரியாது.

11. பயன்படுத்துபவரை உட்கார வைத்துக் கேளுங்கள்

எல்லாம் முடிந்ததாக நினைத்தபோது அந்த அப்பாவை அழைத்தேன். “சார், ஒரு மணி நேரம் வர முடியுமா? பஸ் செலவும் உங்கள் நேரத்துக்கான தொகையும் பள்ளி கொடுக்கும்” என்று முன்கூட்டியே சொன்னேன். அதையும் நீங்கள் செலவுக் கணக்கில் வையுங்கள், இலவசமாகக் கேட்காதீர்கள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் வாயைத் திறக்கவில்லை. இதுதான் கடினம், “மேலே இருக்கு சார்” என்று சொல்லத் துடிக்கும். நாற்பது நிமிடத்தில் ஏழு குறை கண்டுபிடித்தார். பஸ் வழித்தடப் பக்கத்தில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் நான் அழகுக்கு வைத்த அம்புக்குறியை போன் ஒவ்வொரு முறையும் “ரைட்வேர்ட்ஸ் ஆரோ” என்று வாசித்தது. 22 நிறுத்தம், 22 முறை. எந்தக் கருவியும் அதைச் சொல்லவில்லை.

12. மறுபடியும் பழைய நிலைக்குப் போகாமல்

தளத்தில் பதிவேற்றுவது யார் என்று பாருங்கள். எங்கள் பள்ளியில் ஆபீஸ் அக்கா. அவருக்கு அரை நாள் சொல்லிக்கொடுத்து, கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினேன். அதில் ஐந்தே வரி: யூனிகோடில் அடி. உரையைப் பக்கத்தில் போடு, பிடிஎஃப்பைக் கீழே போடு. படத்துக்கு ஒரு வாக்கியம் எழுது. தேதியை மாதமும் கிழமையும் சேர்த்து எழுது. போட்ட பிறகு போனில் ஒருமுறை கேள்.

மழை விடுமுறைக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். காலை ஆறு மணிக்கு கலெக்டர் அறிவிப்பு வரும், எல்லாரும் அந்த வண்ண அட்டையை அப்படியே ஏற்றிவிடுவார்கள், அவசரத்தில் மேலே ஒட்டிய ஐந்து வரியும் மறந்துபோகும். அதனால் தளத்தில் ஒரு வரைவுப் பதிவு தயாராக வைத்திருக்கிறோம்: “இன்று, கிழமை, மாதம், தேதி, மழை காரணமாகப் பள்ளிக்கு விடுமுறை.” கிழமையையும் தேதியையும் நிரப்பி வெளியிட வேண்டியதுதான். ஆபீஸ் அக்கா வீட்டிலிருந்து போனிலேயே செய்கிறார், இரண்டு நிமிடம் ஆகிறது.